இரண்டு டீ பாட், ஒரு கடைவாய்ப் பல்

“இதுல எது என்னுது?”

சமையலறை மேடையில் ஈரம் சொட்டக் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு செம்மண் டீ பாட்களையும் பார்த்துப் பரந்தாமன் கேட்டார். ஆவடி டிஃபன்ஸ் குவார்ட்டர்ஸில் பழைய சீனத்து டீ பாட் சேகரிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

“ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு. ஏதோ ஒண்ணை எடுத்துக்கங்க,” என்றாள் அவர் மனைவி சுசீலா.

ஏதோ ஒண்ணு. பரந்தாமனுக்குக் காது சூடானது. ஒன்று, மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே அவர் தேடிப் பிடித்தது. நூற்றைம்பது வருஷப் பழசு என்று ஃபேக்டரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இன்னொன்று, கூட வேலை செய்யும் சேக்காட்டு உத்தமன் பர்மா பஜாரில் வாங்கி, அன்று காலை காட்டக் கொண்டுவந்தது. அதைக் கையில்கூட வாங்காமல் “டூப்ளிகேட்” என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார் பரந்தாமன். அசல் எது என்று கண்ணைக் கட்டிக்கொண்டே சொல்வேன் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார். இருவரும் வாசலில் நின்று இதைப் பற்றிச் சண்டை போட்ட நேரத்தில்தான் சுசீலா இரண்டையும் எடுத்துப் போயிருந்தாள்.

“எதைப் போட்டுக் கழுவினே?”

“பாத்திரம் தேய்க்கிற பவுடர்தான். உள்ளே கறுப்பா அப்பியிருந்துச்சு. வாடை வேற.”

“அது வாடை இல்ல. நூத்தம்பது வருஷத்து டீ. அந்த மண்ணு டீயைக் குடிச்சுக் குடிச்சு ஊறினது. சீனாக்காரன் அதுல சோப்புத் தண்ணி படவே விடமாட்டான்.”

“அப்போ சீனாக்காரனையே கழுவச் சொல்லுங்க.”

கூடத்திலிருந்து உத்தமன் எட்டிப் பார்த்தான். “இன்னா மச்சான், கண்ணைக் கட்டணுமா? துணி கொண்டாரட்டா?”

பரந்தாமன் மூடியைக் கையில் எடுத்தார். மூடியால் விளிம்பைத் தட்டினால் அசல் மணிபோல ஒலிக்கும் என்று படித்திருந்தார். தட்டினார். இரண்டும் மணிபோலவே ஒலித்தன. மூடியின் துளையை விரலால் அடைத்துத் தண்ணீரைச் சாய்த்தால் அசலில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. ஒன்று ஒழுகியது.

“இதுதான் உன்னுது,” என்றார் பரந்தாமன்.

“நாயமா இது? ஒழுவுறது உன்னுது. நல்லது என்னுது.”

மறுபடி சாய்த்தபோது மற்றது ஒழுகியது. இருவரும் சட்டென்று கட்சி மாறி, அதே வேகத்தில் சண்டையைத் தொடர்ந்தார்கள். பக்கத்து வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“அடியில முத்திரை குத்தியிருக்கு. அதைப் படிச்சாத் தெரிஞ்சிடும்,” என்றார் பரந்தாமன்.

“கரையான்சாவடில சைனீஸ் பல் டாக்டர் ஒருத்தர் கீறாரு. வா,” என்றான் உத்தமன்.

உத்தமனின் ஸ்கூட்டரில் பரந்தாமன் இரண்டு பாட்களையும் மடியில் அணைத்து உட்கார்ந்தார். பாரிவாக்கம் பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் அவர் மனைவியைத் திட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த நாகம்மா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள்.

“பல்லு வலின்னா உள்ள போ. பான விக்கிறதுன்னா அப்புறமா வா.”

பானை விற்பவன் என்றதில் பரந்தாமனுக்கு வந்த ரோஷத்தில், “பல்லு வலிதான்,” என்று உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சைனீஸ் டாக்டர் ஜேம்ஸ் அவர் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார்.

“கடவாய்ப் பல்லு மெய்யாலுமே பூடுச்சு அண்ணாத்தே. இத்தினி நாளா எப்டி தாங்கினே?”

பரந்தாமன் விஷயத்தை விளக்குவதற்குள் ஊசி இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பல் தட்டில் கிடந்தது. வாயில் பஞ்சோடு அவர் ஒரு பாட்டைக் கவிழ்த்து நீட்டினார்.

“இதுழ என்ன எழுதியிழுக்கு?”

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கு இன்னா தெரியும்? நான் பொறந்தது வேலூர்ல. சைனீஸ் படிக்கணும்னா எங்கம்மாதான். உள்ள கீறாங்க, போய்க் கேளு.”

பரந்தாமனுக்குத் தாங்கவில்லை. இதைப் பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

உள்ளறையில் சாய்வு நாற்காலியில் டாக்டரின் அம்மா உட்கார்ந்திருந்தார்.

“பல்லு புடுங்கிக்கினது யாரு?”

“நாந்தாழ்,” என்று தன் கையிலிருந்ததைக் கொடுத்தார் பரந்தாமன். மற்றது உத்தமனிடம் இருந்தது.

அந்த அம்மாள் பாட்டைப் பார்க்கக்கூட இல்லை. மூக்கிலிருந்து பிடி வரை விரல்களை ஓட்டி, கட்டைவிரலால் முத்திரையை மெல்லத் தடவினார். விவரம் தெரிந்தவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று பரந்தாமனுக்கு மெய் சிலிர்த்தது.

“ராஜா ஊட்டு பான இது. இருநூறு வருசம் இருக்கும். பெரிய கைக்காரன் செஞ்சது. பத்ரமா வெச்சிக்கோப்பா.”

உத்தமன் தன்னிடமிருந்ததை நீட்டினான். “நீ பல்லு புடுங்கலியே?” என்று கேட்டுவிட்டு அவர் தொட்டுப் பார்த்தார். “இது கடைப் பான.”

வெளியே வந்ததும் உத்தமன் படியில் உட்கார்ந்துவிட்டான். முகம் தொங்கிப் போயிருந்தது.

“தோத்துட்டேன் மச்சான். இத்த ஊட்டுக்கு எடுத்துகினு போனா என் பொண்டாட்டி சிரிப்பா. இந்தா, நீயே உடச்சிடு.”

வேறு நாளாக இருந்தால் பரந்தாமன் மறுத்திருப்பார். ஆனால் பவுடர், பல், பானை விற்பவன் என்ற பேச்சு எல்லாம் சேர்ந்து அவர் நெஞ்சில் கொதித்துக்கொண்டிருந்தன. இந்தப் போலிகளால்தானே அசலுக்கு இத்தனை அவமானம். வாங்கி, படிக்கட்டின் விளிம்பில் ஓங்கிப் போட்டார். அது மணிபோல ஒலித்துச் சிதறியது. அன்று முதல்முறையாக அவர் மனம் ஆறியது.

நாகம்மா துடைப்பத்தோடு வந்து சில்லுகளை ஒன்றுசேர்த்தாள்.

“நல்லா இருந்தத ஏன் சார் ஒடச்சே? பெரியம்மாவுக்குக் கண்ணு போயி வருசக்கணக்காவுது; பல்லு புடுங்கினவங்க எத குடுத்தாலும், வலி தெரியாம ஊடு போய்ச் சேரட்டும்னு, ஒசத்தின்னுதான் சொல்லும்.”