ஷேக்ஹேண்ட் செதுக்கிய கை

கொடைக்கானல் மலையில் கை இருக்கிற ஆண்பிள்ளை எவரும் ஷேக்ஹேண்டிடமிருந்து தப்பியதில்லை. ஏரிக்கரையில் குதிரை பிடிக்கிறவர், டீக்கடைக்காரர், தேனிலவுக்கு வந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் புது மாப்பிள்ளை, பஸ் படியில் தொங்கிக்கொண்டு போகிற கண்டக்டர் என்று எல்லோருடைய வலது கையும் ஒரு முறையாவது அவர் கைக்குள் போய்க் குலுங்கித் திரும்பியிருக்கும். ஒரு கட்சிப் பிரமுகர் ஊருக்கு வந்தபோது, மாலையை வாங்க அவர் நீட்டிய கையை இவர் பாய்ந்து பிடித்துக் குலுக்கினார். மாலை சேற்றில் விழுந்தது.

அவருக்கு முறையாக ஒரு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு தையல் நிலையத்தில் வேலை பார்த்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண்கள் மேசை விரிப்பில் பூப்போட, அது வெளிநாட்டுக்குப் போகும். அந்த நிலையத்தின் ஜீப் டிரைவர்தான் ஷேக்ஹேண்ட். அவரும் எழுபதுகளில் கப்பலேறி வந்தவர். அவர் ஜீப்பில் மலைப்பாதையில் போவது தனி அனுபவம். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் மெதுவாக வந்தால், இவர் பாதி எழுந்து நின்று வெளியே கையை நீட்டுவார். பஸ் டிரைவரும் பழக்க தோஷத்தில் கையை நீட்டுவார். இரண்டு வண்டியும் உரசாமல் போக, இரண்டு கைகள் மட்டும் உரசும். பின்னால் உட்கார்ந்திருக்கும் நாங்கள் கண்ணை மூடிக்கொள்வோம்.

பூம்பாறை முருகன் கோயிலில் பூசாரிக்கே கையை நீட்டினார். பூசாரி அதில் விபூதியை வைத்தார். இவர் விபூதியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை மறுபடி நீட்டினார். பூசாரி அதிலும் விபூதி வைத்தார். இப்படியே கொஞ்ச நேரம் போனது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டபிறகுதான் நகர்ந்தார்.

கையைக் குலுக்கினால் உடம்பில் என்ன கோளாறு என்று தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. அவர் கண்டுபிடித்த கோளாறு எப்போதும் ஒன்றுதான். ஆஸ்பத்திரி டாக்டரின் கையையே நிதானமாகக் குலுக்கி, "டாக்டர், உங்களுக்கு வாயு இருக்கு. பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

ஆனால் பெண்களுக்குக் கை கொடுக்க மாட்டார். கும்பிடுதான். அதற்கான காரணத்தை ஒரு நாள் ஜீப்பில் போகும்போது சொன்னார்.

"தோட்டத்துல தொரைக்குத் தொரைதான் கை குடுப்பான், தங்கச்சி. நம்மள்ளாம் எட்ட நிக்கணும். எங்க மாமன் ஒருத்தர், வெள்ளந்தி. தொரைசானி என்னமோ நல்ல வார்த்த கதைச்சாங்கன்னு கைய நீட்டிட்டாரு. அன்னிக்கே வேல போச்சு. வெளங்குதா?"

"அப்புறம் நீங்க எப்படிண்ணே இப்படி ஆனீங்க?"

"கப்பல விட்டு எறங்கினேன். பேரு எழுதுற ஆபீசர் எந்திரிச்சு எனக்குக் கை குடுத்தாரு. அதுவரைக்கும் எனக்கு ஒருத்தரும் கை குடுத்ததில்ல. அப்பவே முடிவு பண்ணிட்டேன். இனிமே நம்மகிட்ட வாறவன் ஒருத்தனும் கை குடுக்க ஆளில்லாமப் போகக் கூடாது. ஆனா பொம்பளைங்கன்னா மாமன் ஞாபகம் வந்திருது."

அந்த நேரம் எதிரே பஸ் வந்தது. எழுந்து நின்றுவிட்டார்.

இப்படி இருக்கையில் நிலையத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வெளிநாட்டில் எங்கள் விரிப்புகளை வாங்குகிற ஒரு தம்பதி அன்பளிப்பாக அனுப்பியிருந்தார்கள். திரையில் ஒவ்வொரு புள்ளியாக வைத்துப் பூவும் கிளியும் வரைய வேண்டும். ஒரு புள்ளிக்கு ஒரு தையல். அதை அச்செடுத்துக் கொடுத்தால் பெண்கள் பார்த்துத் தைப்பார்கள். வரைகிற வேலை எனக்கு. அதற்கென்று மவுஸ் ஒன்று, சோப்புக் கட்டி மாதிரி. ஷேக்ஹேண்ட் வந்து அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எப்பிடிப் பிடிக்கிறது?"

"பிடிக்கிறதில்லண்ணே. மேல கைய வெச்சு நகத்தணும்."

"கைய இப்பிடிக் கவுத்தியா? நாளெல்லாமா?" என்றவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு கிளிக்கு எத்தனை புள்ளி என்று வரைந்தவர்களுக்குத்தான் தெரியும். கிளி வாலை முடிப்பதற்குள் என் மணிக்கட்டு விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. சில வாரங்களில் டம்ளரைத் தூக்க முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். ஓய்வு கொடுக்கிற நிலைமையில் நான் இல்லை. கிறிஸ்துமஸ் ஆர்டர் தலைக்கு மேல் நின்றது. நிலையத்தை நடத்திய மேடம் நல்லவர்தான், ஆனால் கறார்.

"கம்ப்யூட்டர் அனுப்பினவங்க ரெண்டு பேரும் அதைப் பார்க்க நேர்ல வர்றாங்க. அதுக்குள்ள டிசைன் எல்லாம் முடியணும். உன்னால முடியலேன்னா சொல்லு, மதுரையில ஒரு பையன் ரெடியா இருக்கான். தப்பா எடுத்துக்காதே."

எப்படித் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது? பெரியகுளத்தில் என் அப்பா கையில் ஜாதகத்தோடு காத்துக்கொண்டிருந்தார். மலையை விட்டு இறங்கினால் அடுத்த முகூர்த்தத்தில் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். மாப்பிள்ளை யாரென்றுகூட எனக்குத் தெரியும். பேசும்போது இடையிடையே ஏப்பம் விடுவார். அவருக்கு நிஜமாகவே வாயு.

நான் ஜன்னல் ஓரம் நின்று கண்ணைத் துடைப்பதை ஷேக்ஹேண்ட் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து என் மணிக்கட்டு அவர் சொந்த விஷயமாகிவிட்டது.

முதலில் மலைக்குள் இருக்கும் பூண்டி கிராமத்திலிருந்து ஒரு சாக்குப் பூண்டு வந்தது. நசுக்கி எண்ணெயில் காய்ச்சிப் பூசிவிட்டார்கள். வலி போகவில்லை, ஆட்கள்தான் போனார்கள். தையல் பெண்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அடுத்ததாக உத்தரத்தில் கயிறு கட்டி, என் முழங்கையை ஏணை மாதிரி தொங்க விட்டார். கை மிதந்தது உண்மை. ஆனால் கிளிக்கு மூக்கு வைக்கப் போனால் அது வாலில் போய் நின்றது. மேடம் வந்து பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஷேக்ஹேண்ட் கொஞ்ச நாள் யோசனையிலேயே இருந்தார். ஒரு நாள் காலையில் வெள்ளனே வந்து, மேசைமேல் காரட், உருளைக்கிழங்கு, பேரிக்காய், மேரக்காய் எல்லாவற்றையும் பரப்பினார். மேரக்காய் என்றால் கீழே நீங்கள் சௌசௌ என்பீர்கள்.

"ஒவ்வொண்ணாப் பிடிங்க. கை குடுக்கிற மாதிரிப் பிடிக்கணும், கட்டவெரலு மேல இருக்கணும். எது வலிக்கல?"

"அதென்ன கை கொடுக்கிற மாதிரி?"

"தங்கச்சி, நான் நாள்பூரா கை குடுக்கேன். எனக்கு என்னிக்காவது மணிக்கட்டு வலிச்சிருக்கா?"

பிடித்துப் பார்த்தேன். காரட் நழுவியது. உருளைக்கிழங்கு உருண்டது. மேரக்காயை நிமிர்த்திப் பிடித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், வலிக்கவில்லை. கை பாட்டுக்கு நிமிர்ந்து நின்றது. அவர் உடனே மவுஸின் முதுகில் மேரக்காயை நிறுத்தி, டயர் ட்யூப் வார் போட்டு இறுக்கிக் கட்டினார். சுண்டுவிரல் எட்டும்படி பட்டனை மட்டும் விட்டுவிட்டார். நான் காயைப் பிடித்து நகர்த்தினேன். திரையில் அம்பு நகர்ந்தது. அன்றைக்கே ஒரு கிளியை முடித்தேன்.

மேரக்காய் மவுஸின் புகழ் ஊரில் பரவியது. டீக்கடைக்காரர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். "ஏலே, நல்லாப் பாத்துக்க. கம்ப்யூட்டருங்கிறது இதான்" என்றார் காயைக் காட்டி.

ஆனால் மேரக்காய் சும்மா கிடக்கிற காய் இல்லை என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அதை நடுவதற்கு விதையைத் தனியே எடுக்க வேண்டியதில்லை. முழுக் காயாகவே முளைக்கும். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் நுனியில் பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. என் கைச் சூடு அதற்கு இதமாக இருந்ததோ என்னவோ, வார முடிவில் கொடி சுருள்விட்டு, கம்ப்யூட்டர் திரையைப் பிடித்துக்கொள்ள வழி பார்த்தது. மேடம் வாசலில் நின்று பார்த்தார்.

"அடுத்த மாசம் அவங்க வர்றாங்க. அவங்க கொடுத்த கம்ப்யூட்டர்ல நாம காய்கறித் தோட்டம் போட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காயை அறுத்து எடுத்தோம். இனிமேல் காய்கறி எதுவும் அந்த மேசைக்கு வரக் கூடாது என்று மேடம் உத்தரவு. ஆர்டரில் பாதி மிச்சம் இருந்தது. வெறும் மவுஸைப் பிடித்த அன்று சாயங்காலமே வலி முழங்கை வரை ஏறியது. நான் பெட்டியைக் கட்டலாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஷேக்ஹேண்டுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேச்சு வந்தது. ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு, பக்கவாட்டுக் கண்ணாடிக்கு இடது கையை நீட்டிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாராம். "ஊர்ல எல்லாருக்கும் குடுத்து முடிச்சாச்சு. இப்பத் தனக்குத்தானே குடுக்காரு" என்றார் குதிரைக்காரர்.

விஷயம் வேறு. மழையில் சாய்ந்த பேரி மரத்தில் ஒரு துண்டை எடுத்து, முளைக்காத மேரக்காய் ஒன்று செதுக்கத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். செதுக்கும்போது, கை கொடுப்பதற்குக் கையைவிடத் தோதான சாமான் உலகத்தில் ஏது என்று தோன்றியிருக்கிறது. வலது கையில் கத்தி இருக்கிறது, எனவே இடது கையைப் பார்த்துச் செதுக்கினார். முடித்த பிறகுதான் அது இடது கை என்று தெரிந்தது. இடது கையை வலது கையால் குலுக்க முடியாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த துண்டுக்கு இடது கையைக் கண்ணாடியில் காட்டினார். கண்ணாடிக்குள் அது வலது கை.

அப்படி வந்து சேர்ந்தது அந்த மரக் கை. கட்டை விரலை உயர்த்தி, நம்மைப் பார்த்து நீட்டியபடி, மவுஸின் முதுகில் நின்றது. சுண்டுவிரல் கிடையாது. என் சுண்டுவிரல் இறங்கிப் பட்டனை அழுத்த அந்த இடத்தை விட்டிருந்தார். உள்ளங்கையில் குறுக்கே ஒரு கோடு பள்ளமாக ஓடியது.

"இது என்னண்ணே?"

"தோட்டத்துல தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டுறப்போ கத்தி பட்ட தழும்பு. கண்ணாடியில தெரிஞ்சுச்சு, செதுக்கிட்டேன்."

நான் அந்தக் கையைப் பிடித்தேன். மணிக்கட்டு அப்படியே அமைதியானது. மிச்சக் கிளிகளும் பூக்களும் ஆட்டுக்குட்டிகளும் வரிசையாக வந்து விழுந்தன. அவர்கள் வருகிற அன்று காலையில் கடைசி டிசைனை மேடத்தின் மேசையில் வைத்தேன்.

வெள்ளைக்காரத் தம்பதி உள்ளே வந்தார்கள். கம்ப்யூட்டர் மேசையிலிருந்து ஒரு கை நீண்டிருப்பதைப் பார்த்ததும் அந்தம்மா இரண்டடி பின்வாங்கினார். மேடம் முகத்தில் ஈயாடவில்லை. நான் உட்கார்ந்து, கையைப் பிடித்து ஒரு பூ வரைந்து காட்டினேன். ஐயா ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு என்னை எழுந்திருக்கச் சொல்லித் தானே உட்கார்ந்து அந்தக் கையைக் குலுக்கினார். திரையில் அம்பு துள்ளியது. மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். யார் செய்தது என்று கேட்டு, ஷேக்ஹேண்டை அழைத்து நிஜக் கையையும் குலுக்கினார். ஷேக்ஹேண்ட் அந்தக் கையை விடுவதாக இல்லை. அவருக்கும் வாயு என்று எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

அதற்குள் அந்தம்மாவும் முன்னால் வந்து, சிரித்த முகத்தோடு கையை நீட்டினார்.

தையல் பெண்கள் எல்லோருக்கும் அந்த மாமன் கதை தெரியும். ஷேக்ஹேண்ட் அந்தம்மாவின் கையைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டென்று மேசைக்குப் போய், மரக் கையை மவுஸோடும் வயரோடும் தூக்கி, இரண்டு கையாலும் பணிவாக அந்தம்மாவிடம் நீட்டினார். அந்தம்மா கொஞ்சமும் யோசிக்காமல் அதைப் பிடித்துக் குலுக்கினார். அம்பு திரையை விட்டே ஓடிவிட்டது. மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

மதுரைப் பையன் வரவில்லை. ஏப்ப மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நான் மலையிலேயே இருந்து, பிற்பாடு சென்னையில் ஒரு அச்சகத்தில் நல்ல வேலை கிடைத்துக் கிளம்பினேன். ஷேக்ஹேண்ட்தான் ஜீப்பில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். பஸ் கிளம்பும்போது நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். வேண்டுமென்றேதான். அவர் தன் கையைப் பேன்ட்டில் துடைத்தார். பாதி தூரம் கொண்டுவந்தார். அங்கே இடது கையும் வந்து சேர்ந்துகொண்டது. கும்பிட்டார்.

"போயிட்டு வாங்க தங்கச்சி" என்று சொல்லி, நியூஸ்பேப்பர் சுற்றிய பொட்டலம் ஒன்றை நீட்டினார். "ஆபீசுக்கு வேற ஒண்ணு செஞ்சு மாட்டிட்டேன். இது உங்க பிடிக்குப் பழகினது."

இன்றுவரை எத்தனையோ கம்ப்யூட்டர் மாறிவிட்டது. ஒவ்வொரு புது மவுஸுக்கும் தக்கபடி கையின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் இழைத்துக்கொள்வேன். சமீபத்தில் என் மகள் கடையிலிருந்து மணிக்கட்டு வலிக்கென்றே செய்த மவுஸ் வாங்கி வந்தாள். நிமிர்ந்து நிற்கிறது, கை குலுக்குகிற மாதிரி பிடிக்க வேண்டுமாம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளங்கையில் தழும்பு இல்லை. எனக்குப் பிடி கிடைக்கவில்லை.

மலையில் இருந்த அத்தனை ஆண்களுக்கும் ஆளுக்கு ஒரு நிமிஷம் கை கொடுத்தவர், எனக்குக் கடைசி வரை கும்பிடுதான் போட்டார். அந்தக் கையைத்தான் நான் இத்தனை வருஷமாக, காலையில் உட்கார்ந்தால் வேலை முடிந்து எழுந்திருக்கும்வரை, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.