தண்ணீர் புகாத பெட்டி

பக்தி இருக்கிற வீட்டுக்குள் ஒரு புதுப் பொருள் சும்மா நுழைந்துவிட முடியாது. மிக்ஸி வந்தால் அதற்குக் குங்குமம். கியாஸ் அடுப்பு வந்தால் அதற்கு மாலை. பைக் வந்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். எங்கள் வீட்டுக்குப் பெரிய வீடியோ கேமரா ஒன்று வந்தது. அதற்கு நான் என்ன செய்தேன் என்பதைப் பக்கத்து ஊரான கூனிமேட்டில் இன்றைக்கும் பேசிச் சிரிக்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்பதால் நானே சொல்லிவிடுவது நல்லது.

மரக்காணத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவன் நான். பெயர் ஏழுமலை. பத்தாவதோடு படிப்பு என்னை விட்டுப் போய்விட்டது. முருகன் மட்டும் விடவில்லை. அதுவரை வைத்திருந்தது கையடக்கக் கேமரா. இப்போது வந்தது தோளில் தூக்கி வைத்து எடுக்கும் பெரிசு. அதைக் கையில் வாங்கிய அன்று, பெற்ற பிள்ளையை வாங்கியதைப்போல இரண்டு கையாலும் வாங்கினேன்.

ஆனால் எங்கள் ஊர்க் காற்று பொல்லாதது. பக்கத்திலேயே உப்பளம், அதற்கு அப்பால் கடல். சைக்கிள் செயின் ஒரு மழைக்காலம் தாங்காது. அதனால் கேமராவுக்கு நல்ல பெட்டி ஒன்று பார்க்க வேண்டும் என்று பாண்டிச்சேரிக்குக் கிளம்பினேன்.

"எதுக்கு அவ்ளோ தூரம்? மீன்காரங்க வெச்சிருக்கிற ஐஸ் பெட்டி போதாதா?" என்றாள் என் மனைவி செல்வி. நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். (அந்தப் பார்வைக்கு அன்றைக்கு எனக்குத் தகுதி இருந்தது.)

கடையில் முதலில் தோள்பை ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். மெத்துமெத்தென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டத்தில் ஒருவர் முழங்கையால் இடித்தால் அடி லென்ஸுக்குத்தான். அலுமினியப் பெட்டி பளபளவென்று கல்யாணச் சீர் மாதிரி இருந்தது. மூடிவிட்டுத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் போகிற வழியில் உப்புக்காற்று போகாதா? வேண்டாம் என்றுவிட்டேன். அப்புறம்தான் அந்தக் கறுப்புப் பெட்டி வந்தது. கெட்டிப் பிளாஸ்டிக், உள்ளே ஸ்பாஞ்ச், மூடியைச் சுற்றி ரப்பர், அடியில் சக்கரம்.

"மேல ஏறி நில்லுங்க சார். ஆனை ஏறினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர்.

நான் செருப்பைக் கழற்றினேன். பிறகு யோசித்தேன். "இல்லிங்க. சரஸ்வதி வந்து குடியிருக்கப் போற எடம். மிதிக்க மாட்டேன்."

ஏற்கெனவே ஒரு காலை அதன்மேல் வைத்திருந்த கடைக்காரர், சத்தமில்லாமல் அந்தக் காலைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"ரப்பரப் பாருங்க சார். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது."

"கடல்ல விழுந்தா?"

"மெதக்கும்."

உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியேயும் போகாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை உள்ளே போட்டு வைக்கச் சொன்னார். தலையாட்டிவிட்டு வாங்காமல் வந்தேன். மரக்காணத்துக்காரனிடமா ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம் விற்பது? அது எங்கள் ஊரில் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறதே!

வீட்டுக்கு வந்து, கேமராவின் அளவுக்கு ஸ்பாஞ்சைப் பிய்த்தேன். அது சின்னச் சின்னச் சதுரமாகப் பிய்ந்து வரும். ஆர்வத்தில் கை கொஞ்சம் நீண்டு, லென்ஸுக்குப் பக்கத்தில் தேவையில்லாமல் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. புதுப் பெட்டியில் வெறும் பள்ளம் இருப்பது மனசுக்குச் சரியாகப் படவில்லை. அப்போதுதான் அந்த ஞானம் பிறந்தது. கல் உப்பு! திருஷ்டிக்கும் ஆச்சு, ஈரத்துக்கும் ஆச்சு.

உப்பளத்தில் வேலை செய்யும் என் மச்சானிடம் போய் ஒரு பை உப்பு கேட்டேன்.

"மழையில நனைஞ்ச உப்பு மாமா இது. கொழம்புக்கா?"

"ஒரு நல்ல காரியத்துக்கு" என்று மட்டும் சொன்னேன். திருஷ்டிச் சமாசாரத்தை வெளியே சொன்னால் பலிக்காது. மஞ்சள் துணியில் பெரிதாக மூட்டை கட்டி, குங்குமம் வைத்து, பள்ளத்தில் அமுக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கு அப்புறம் தினமும் காலையில் பெட்டியைத் திறந்து, பக்தியில் கண்ணை மூடிக்கொண்டே கேமராவுக்குக் கற்பூரம் காட்டி, மறுபடியும் அழுத்தி மூடினேன். ஐப்பசி மாதம். வெளியே மழை சோவென்று கொட்டும். நான் தினமும் அந்த ஈரக்காற்றைக் கொஞ்சம் உள்ளே அழைத்து, ரப்பர் மூடி போட்டுப் பத்திரப்படுத்தினேன். வேலை எதுவும் வராததால், கும்பிட்டேனே தவிர கேமராவை வெளியே எடுக்கவில்லை.

முதல் வேலையாகக் கூனிமேட்டில் ஒரு நிக்காஹ் வந்தது. பெண்ணின் அத்தா காதர் பாய் வளைகுடாவில் வேலை பார்ப்பவர். லீவு கிடைக்கவில்லை. அங்கிருந்து எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. கூட நிக்கத்தான் குடுத்து வைக்கல. நீ நேரலையில காட்டிடுவேன்னு சொன்னாங்க. கண்ணால பாத்துட்டா போதும்பா."

"பாய், பக்கத்துல நிக்கிற மாதிரியே காட்டறேன், கவலப்படாதீங்க" என்று வாக்குக் கொடுத்தேன். பெண்கள் பக்கம் நான் போக முடியாது என்பதால் செல்வியையும் அழைத்துப் போனேன். அங்கே அவள் போனில் நாலு படம் எடுக்க வேண்டியது. நேரலை எல்லாம் ஆண்கள் பக்கத்திலிருந்து, என் பெரிய கேமராவில்.

மண்டபம் நிறைந்திருந்தது. நிக்காஹ் ஓதி வைக்கும் ஹஜ்ரத் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் பெட்டியை நடுவில் வைத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று கொஞ்சம் நிதானமாகவே கிளிப்புகளைத் திறந்தேன்.

உள்ளே மூட்டை இல்லை. நனைந்த மஞ்சள் துணி மட்டும் இருந்தது. உப்பெல்லாம் கசிந்து இறங்கி, ஸ்பாஞ்ச் ஊறி, அடியில் குங்குமச் சிவப்பில் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் என் கேமரா, எண்ணெய் தேய்த்துத் தொட்டியில் உட்கார வைத்த குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. தூக்கினேன். லென்ஸ் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. சுவிட்சைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

பெண்ணின் சாச்சா, அதாவது காதர் பாயின் தம்பி, குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஏம்பா ஏழுமல, கேமராவக் கருவாடு போட்டிருக்கியா?"

மண்டபமே சிரித்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. காதர் பாய்.

"தம்பி, படம் இன்னும் வரலியே. நான் கொஞ்ச நேரந்தான் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். ஆரம்பிச்சிட்டாங்களா?"

அங்கே ஒரு தகப்பன் கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இங்கே நான் உப்புத்தண்ணீரில் நிற்கிறேன். முருகா, என்னை எடுத்துக்கொள், இந்த ஆளை ஏமாற்றாதே என்று மனசுக்குள் வேண்டினேன். முருகன் என்னை எடுத்துக்கொள்ளவில்லை. செல்வி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"பாய், நான் ஏழுமல வூட்டுக்காரி பேசறேன். நீங்க வெச்சிட்டு என் நம்பருக்கு வீடியோ கால்ல வாங்க. நான் பொண்ணுகிட்டயே போறேன்."

அவள் உள்ளே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் ஓர் அம்மா கையை நீட்டி மறித்தார்கள். "நீங்க எங்க வர்றீங்க?"

அடுத்த நிமிடம் உள்ளேயிருந்து செல்வியின் குரல் வந்தது. "ஏங்க, இங்க டவரே இல்ல! உங்க போன்ல ஹாட்ஸ்பாட்ட ஆன் பண்ணிட்டு, வெளிய சன்னல்கிட்ட வந்து தூக்கிப் புடிங்க!"

ஊரறிந்த வீடியோகிராபர் நான், தூறலில், சுவர் ஓரமாக, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு லைட்டுக்கம்பம் மாதிரி நின்றேன். திரை போட்ட சன்னல். எதுவும் தெரியாது. பேச்சு மட்டும் கேட்டது.

"அத்தா" என்றது பெண்ணின் குரல்.

"தெரியுதும்மா, தெரியுது" என்றார் காதர் பாய்.

"அத்தா, சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்மா. நல்லா நிமிந்து பாரு. உங்கம்மா மாதிரியே இருக்க. ஒனக்கு மனசாரச் சம்மதந்தானம்மா?"

"சம்மதம் அத்தா. நீங்க துஆ செய்யுங்க."

அவர் துஆ ஓதினார். உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். என் கண்ணில் தண்ணீர். துடைக்கவும் முடியாது, கை ஆடினால் லைன் போய்விடும். "முருகா, முருகா, டவர் போயிடக் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டே சொல்லியிருப்பேன்போல.

"யாரும்மா அது, முருகாங்கிறது?" என்றார் காதர் பாய்.

"எங்க வூட்டுக்காரர்தான் பாய். டவர் புடிச்சிட்டு நிக்கிறாரு."

"நிக்கட்டும், நிக்கட்டும். அவரையும் சேத்துத்தான் துஆ செஞ்சேன்."

பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கேமரா உயிரோடு இருந்திருந்தால் காதர் பாய் என்ன பார்த்திருப்பார்? ஆண்கள் பக்கத்துத் தொப்பிகளையும் முதுகுகளையும்தான். மகள் முகத்தை அல்ல. அவரால் ஒரு வார்த்தை பேசியிருக்கவும் முடியாது. பக்கத்தில் நிற்கிற மாதிரியே காட்டுவேன் என்று நான் கொடுத்த வாக்கை உப்பும் செல்வியும் சேர்ந்து காப்பாற்றிவிட்டார்கள். இதைச் செல்வியிடம் சொன்னேன். "உப்ப விட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள்.

ரிப்பேர்க்காரர் கேமராவைப் பிரித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். "சார், இதுல உப்பு வெளைஞ்சிருக்கு." எட்டிப் பார்த்தேன். பாத்தி கட்டி விட்டதுபோல வெள்ளை வெளேரென்று விளைந்துதான் இருந்தது. நல்ல மகசூல். பெட்டிக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை.

அந்த நிக்காஹுக்குப் பிறகு கூனிமேட்டில் பெண்கள் பக்கம் வீடியோ என்றால் செல்வியைத்தான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கென்று ஒரு கேமராவும் வந்துவிட்டது. நான் விளக்குப் பிடிக்கிறேன், ஒயர் சுற்றுகிறேன். புக் செய்கிறவர்கள் போனில், "கருவாட்டுக் கேமராக்காரர் வூடுங்களா?" என்று கேட்கிறார்கள். "ஆமாங்க, தேதி சொல்லுங்க" என்கிறாள் அவள், கொஞ்சமும் கூசாமல்.

தன் கேமராவுக்குப் பெட்டி வாங்க அவளே கடைக்குப் போனாள். நான் துணைக்கு. ரப்பர், ஸ்பாஞ்ச், சக்கரம் எதையும் அவள் விசாரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதுக்கு நம்பர் பூட்டு இருக்குதாங்க?"

"இருக்கும்மா. திருட்டுப் பயமா?"

"திருடனால என்னங்க பயம்? இவரு சாமி கும்பிடுவாரு."

அந்த நம்பர் என் மகளுக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும், பூ கொண்டுவரும் அம்மாவுக்குக்கூடத் தெரியும். எனக்கு இன்றுவரை தெரியாது. தினமும் காலையில் பூட்டிய பெட்டிக்கு முன்னால் நின்று கற்பூரம் காட்டுகிறேன். செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்லுவாள்: "நட சாத்தியாச்சு. வெளிய நின்னே கும்பிட்டுக்கங்க!"