நூறு ஏறினால் நூறு இறங்கணும்

மூன்றாவது முறை படித்தபோதும் கடிதத்தில் நூறுதான் இருந்தது.

"தங்கள் கிளை நூலகத்தில் வாசகர் புகார்கள் கடந்த ஆண்டைவிட நூறு சதவீதம் அதிகரித்துள்ளன. வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன்." கீழே மேலதிகாரியின் கையெழுத்து.

நூலகருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். இந்த நேரத்தில் எங்கோ ஒரு மூலைக்குத் தூக்கியடித்தால், தேய்ந்த முழங்காலை வைத்துக்கொண்டு தினமும் எத்தனை பேருந்து ஏறி இறங்குவது?

"போன வருஷம் ஒரு புகார், இந்த வருஷம் ரெண்டு. அவ்வளவுதான் சார்," என்றாள் உதவியாளர். "ஒண்ணு ரெண்டானா அதைத்தான் நூறு சதவீதம்னு எழுதுவாங்க."

"எப்படி எழுதினாலும் நூறு நூறுதாம்மா. அதை இறக்கியாகணும்."

முதல் புகார் தையல்காரர் கொடுத்தது. வாசிப்பறை மின்விசிறி கடகடக்கிறதாம். நூலகர் முனகிக்கொண்டே மேசைமேல் ஏறி எண்ணெய் விட்டார். சத்தம் நின்றது. தையல்காரர் புகாரைத் திரும்பப் பெறுவதாக அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இதோட விட்டுடுங்க சார்," என்றாள் உதவியாளர். "ரெண்டு ஒண்ணாச்சு. ஐம்பது சதவீதம் குறைஞ்சாச்சு. போன வருஷ நிலைமைக்கே வந்துட்டோம்."

"நூறு ஏறிச்சு, ஐம்பது இறங்கிச்சு. மிச்ச ஐம்பது எங்க போச்சு? யார் காதுல பூ சுத்துற?"

"ஏறினது ஒண்ணுல இருந்து. இறங்கினது ரெண்டுல இருந்து. அதான் சார் வித்தியாசம்."

"நூறு படி ஏறினவன் ஐம்பது படி இறங்கினா பாதியிலதாம்மா நிப்பான்."

அவள் இரண்டாவது புகாரை எடுத்து நீட்டினாள்.

இரண்டாவது புகார் ஓய்வு பெற்ற நர்சம்மாவுடையது. எடுத்துப்போன துப்பறியும் நாவலில் கடைசிப் பக்கம் இல்லை. நூலகர் அந்த நாவலை இருபது வருடங்களுக்கு முன்பு படித்திருந்தார். நினைவிலிருந்தே கடைசிப் பக்கத்தை முத்து முத்தான எழுத்தில் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை நர்சம்மா வந்தார். "இதுல தோட்டக்காரன்தான் கொலைகாரன்னு எழுதியிருக்கு."

"நானே எதிர்பார்க்கலம்மா."

"அவன் நாற்பதாம் பக்கத்துலயே செத்துட்டான்."

கையோடு இன்னொரு புகாரை நீட்டினார். பின்னால் நின்ற அவர் தங்கையும் ஒன்றை நீட்டினார். அந்தம்மாவுக்குக் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் பழக்கம். "நாவல் முழுக்க அந்த அப்பாவிய சந்தேகப்பட வெச்சுட்டீங்களே," என்றார்.

இப்போது கையில் மூன்று புகார். போன வருடத்தைவிட இருநூறு சதவீதம் அதிகம். கணக்குச் சொல்லிவிட்டு உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டாள். நூலகருக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டார். இரண்டு பேருந்து மாறி, தூரத்து நூலகம் ஒன்றுக்குப் போய் அதே நாவலை முழுசாக வாங்கிவந்தார். நேராக நர்சம்மா வீட்டுக்குப் போய், நின்றபடியே கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டினார். கொலைகாரர் குடும்ப வைத்தியர். அக்காவும் தங்கையும் மனம் குளிர்ந்து மூன்று புகாரையும் திரும்பப் பெற்றார்கள்.

"பாத்தியா, பூஜ்யம்," என்றார் நூலகர் மறுநாள் காலையில். "நூறு சதவீதம் இறக்கம். இப்பதான் கணக்கு நேராச்சு."

பதினோரு மணிக்கு மேலதிகாரியின் வண்டி வந்தது. அவர் உட்காரக்கூட இல்லை. அதற்குள் நூலகர் அறிக்கையை நீட்டிவிட்டார். மேலதிகாரி அதைப் படித்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஓட்டுநரிடம் திரும்பி, "வண்டியில மிச்சம் இருக்குற பூட்டை எடுத்துட்டு வாப்பா," என்று சொல்லிவிட்டு, கைபேசியோடு வெளியே போனார்.

நூலகருக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குப் பூட்டு?" என்று ஓட்டுநரைக் கேட்டார்.

"புகாரே வராத இடத்துக்கு ஆளே வரலைன்னு அர்த்தமாம் சார், போன வாரம் நாலு கிளையைப் பூட்டினோம், இங்க மட்டும்தான் நூறு சதவீதம் ஏறியிருக்குன்னு, உங்களுக்குக் கூடுதலா ரெண்டு ஆள் போட்டுத் தரத்தான் ஐயா கிளம்பி வந்தாரு."