அச்சுக்காரர் செய்த அலமாரி

விருத்தாசலத்தில் அச்சுக்காரர் கை பட்ட ஒரு பொருளும் அதனதன் அளவில் இருந்ததே கிடையாது. எல்லாம் பெரிசு. அவர் சட்டைக்குள் இன்னொரு அச்சுக்காரர் தாராளமாகக் குடியிருக்கலாம். கம்மாபுரத்துச் சொந்தக்காரருக்குக் கோழிக்கூடு செய்து கொடுத்தார். கடைசியில் அதில் ஆடு கட்டினார்கள்.

அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. பீங்கான் கம்பெனியில் அவருக்கு அச்சு செய்கிற வேலை. ஈர மண் காய்ந்து சூளையில் வெந்தால் சுருங்கிப்போகும். ஒரு சாண் பொம்மை வேணும்னா அச்சை அதைவிடப் பெரிசாகத்தான் செய்யணும். முப்பது வருஷம் இப்படியே செய்து, உலகத்தில் எல்லாமே சுருங்கும் என்று அவர் மனசில் பதிந்துவிட்டது.

நானும் அங்கேதான், பீங்கானைப் பளபளப்புப் பூச்சில் முக்குகிற வேலை. என் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். மங்கலம்பேட்டை ஆளுங்க யாராவது லீவில் வந்தால் ஒரு ஒசந்த சேலை கொடுத்தனுப்புவார். அஞ்சு சேர்ந்திருந்தது. ஒன்றைக்கூட நான் கட்டவில்லை. அவர் வருகிற அன்னிக்குக் கட்டணும் என்று அட்டைப்பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு நாள் திறந்தால், அடியில் இருந்த சேலையைக் கரையான் தின்றிருந்தது. மிச்சம் நாலுமாவது அவர் கண்ணில் பட வேண்டாமா?

கடை பீரோவுக்கு நமக்கு வசதியில்லை. கூட வேலை பார்த்த கஸ்தூரி, அச்சுக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாளே டேப்போடு வந்துவிட்டார். கம்பெனி கழித்த பேக்கிங் பெட்டிப் பலகை, துணி மாட்டப் பழைய தண்ணிக்குழாய், பூச்சிக்கு வேப்பெண்ணெய், நாலு காலுக்கும் அடியில் விரிசல் விட்ட கரண்டுக்கம்பத்து இன்சுலேட்டர் பீங்கான், இவ்வளவுதான் சாமான்.

"கரையான் ஏறுனா வழுக்கி வுழும்மா" என்றார்.

சுவரை அளந்தார். அஞ்சடி என்றார். அப்புறம் கண்ணை மூடி மனசுக்குள் ஏதோ கூட்டினார். சுருங்குவதற்கும் சேர்த்துத்தான். 'அண்ணே, மரத்தைச் சூளையில வைக்கப் போறதில்லையே' என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கூச்சம். ஒரு வாரம் அந்த வார்த்தையை வாயிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன்.

அலமாரி வண்டியில் வந்தது. வாசலில் நுழையவில்லை.

"என்னாய்யா, வூட்டத் தூக்கி இதுக்குள்ள வைக்கப் போறியா?" என்றார் வீட்டு ஓனரம்மா.

"கொஞ்ச நாள் போவட்டும்மா. சுருங்கிக் குடுக்கும்."

"அதுவரைக்கும் அவ எங்க படுப்பா?"

"உள்ளதான். எடம் இருக்குதில்ல?"

பிரித்து, உள்ளே கொண்டுபோய் மறுபடி கோத்தார். ஜன்னல் பாதி மறைந்தது. கட்டில் வெளியே போனது. கதவுப் பலகையில் 'கவனம், உடையும் பொருள்' என்று எழுதியிருந்தது, அதுவும் தலைகீழாக.

நாலு சேலையையும் மாட்டினேன். காலி பஸ்ஸில் நாலு பேர் ஏறின மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன்.

"நாலு சேலைக்கு எதுக்குண்ணே இம்மாம் பெருசு?"

"உனுக்கு மட்டுமா அளவு எடுத்தேன்? மாப்ள வந்தா சட்டையெல்லாம் எங்க மாட்டுவாரு?"

சேலையைச் சரிசெய்கிற மாதிரி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். வெளியே வந்து, வேப்பெண்ணெய் கண்ணைக் கரிக்குது என்று சொன்னேன்.

மறு வருஷம் என் வீட்டுக்காரர் வந்தார். நாற்பது நாள் லீவு. நாலு சேலையையும் மாற்றி மாற்றிக் கட்டினேன். காலியாகக் கிடந்த மறுபக்கத்தில் அவர் சட்டையும் பேன்ட்டும் மாட்டியதில் விரல் நுழைய இடமில்லை. "அளவெடுத்த மாதிரி இருக்குதே, யாரு செஞ்சது?" என்று கேட்டார். பெருமையாக இருந்தது. நாற்பத்தோராம் நாள் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்துக் கதவை நான் திறப்பதில்லை.

கஸ்தூரிதான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சுக்காரர் ரம்பத்தோடு வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் அலமாரியையே பார்த்துப் பேசினார்.

"வேணும்னா அந்தப் பக்கத்த அறுத்து எடுத்துடறேம்மா. கட்டிலாவது உள்ள வரும்."

"இருக்கட்டும்ண்ணே. திரும்பி வருவாரு."

"சரிம்மா" என்று ரம்பத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அச்சுக்காரர் காலமாகி வருஷமாச்சு. ஒரு பொருளைச் சின்னதாக்கித் தருகிறேன் என்று அவர் வாயால் சொன்னது, அவர் ஆயுசிலேயே என் ஒருத்திக்கு மட்டும்தான்.