இனி மாம்பழம் வரைவதில்லை

பலகையை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கிய பெயிண்டர் கேசவன், நாலு அடி பின்னால் போய் நின்று தன் கைவண்ணத்தைத் தானே ரசித்தான். ரங்கநாயகி வீட்டுப் படியிலிருந்து இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"கேசவா, என்னப்பா இது?"

"நீங்க சொன்ன முக்கோணந்தாம்மா. பிளான் போடுறவங்க கையில வெச்சுக்கினு கீறுவாங்களே, அது."

"அது ஏன் தலைகீழா நிக்கறது? ஏன் சிவப்பா இருக்கு?"

"செவப்புதாம்மா தூரத்துலேர்ந்து தெரியும். ஊர்ல மத்த முக்கோணம்லாம் அப்படித்தானே கீது?"

ஊரில் மற்ற முக்கோணங்கள் ஆஸ்பத்திரிச் சுவரிலும் பஸ் முதுகிலும் இருந்தன. எல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்காக அரசாங்கம் வரைந்தவை. இந்த முக்கோணத்தின் கீழே கொட்டை எழுத்தில், 'ரங்கநாயகி. பிளான் போட்டுத் தரப்படும்' என்று இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ரங்கநாயகி மெட்ராஸில் ஆர்க்கிடெக்சர் படித்தவள். கட்டடம் வரையும் கம்பெனி ஒன்றில் ஒரு வருஷம் வேலையும் பார்த்தாள். கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தபிறகு கிடைத்தது, பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் உத்தியோகம். பதினாலு வருஷம் கரும்பலகையில் மாம்பழமும் மண்குடமும் வரைந்தாள். எழுபத்துநாலாம் வருஷம் ஜூன் மாதம், ஏழாம் வகுப்புக்கு மாம்பழம் வரைந்துகொண்டிருந்தவள், என்னமோ தோன்றி அதன் பக்கத்தில் ஒரு சுவரை எழுப்பினாள். சுவரில் ஒரு ஜன்னல் திறந்தது. ஜன்னலுக்கு மேல் மாடி ஏறியது. மணி அடித்தபோது பலகை முழுக்க வீடு, மாம்பழத்தைக் காணோம். கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டு நேரே ஹெட்மிஸ்ட்ரஸ் சாராள் அறைக்குப் போய் ராஜினாமா கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, "இனிமே ஒரு மாம்பழம்கூட வரையமாட்டேன்" என்று அறிவித்தபோது, அவள் கணவன் உப்பிலிக்குக் காபி புரை ஏறியது. உப்பிலி, கல்யாணத்துக்கு முன்னால் மிருதங்கம் வாசித்தவர்; அப்புறம் கூட்டுறவு ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க் ஆனவர்.

"இதை முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"சொன்னா தடுப்பேள்."

"தடுக்கறதுக்காகச் சொல்லலைடி…" என்றவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பலகை மாட்டிய மறுநாள் காலையில், பின்தெரு செல்லம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள்.

"எனக்கு ஆறு புள்ளைங்கம்மா. இதோட போதும்னு பாக்கறேன். மாத்திரையா, ஊசியா?"

அவளுக்கு விளக்கிச் சொல்லி அனுப்புவதற்குள் வாசலில் இன்னும் மூன்று பேர். ஆபரேஷனுக்குப் பயந்து எதிர்ச்சாரியில்கூட ஆண்கள் யாரும் நடக்கவில்லை. அவசரமாகப் போகவேண்டியவர்கள் சைக்கிளை மிதித்துத் தலைதெறிக்கப் பறந்தார்கள்.

"போர்டைக் கழட்டிடு" என்றார் உப்பிலி. "மானம் போறது."

"கழட்டமாட்டேன். திருத்தறேன்."

கேசவனைக் கூப்பிட்டு முக்கோணத்தை அழித்து, அந்த இடத்தில் ஓர் அழகான வீட்டை வரையச் சொன்னாள். 'பிளான்' என்ற வார்த்தையையும் எடுத்துவிட்டு, 'உங்களுக்கு ஏற்ற வீடு' என்று எழுதவைத்தாள். அதிலிருந்து வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த சமயம். வேலைக்கு வந்தவர்களெல்லாம் குடியிருக்க இடமில்லாமல் அலைந்தார்கள். அதில் ஒருவர், பெட்டி படுக்கையோடே வந்து இறங்கிவிட்டார்.

"வீடு எங்க இருக்கும்மா?"

"இன்னும் இல்லை. இனிமேதான் வரையணும்."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டே போனார். அந்தப் புலம்பல் கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம் வரை போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் மீன் வியாபாரி தனக்கோடி வந்து நின்றார்.

"இல்லாத வூட்டைக் காட்டுற அம்மா நீதானா?"

"ஆமாம்" என்றாள் ரங்கநாயகி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "அதுக்கென்ன?"

"அப்டின்னா எனக்கும் ஒண்ணு காட்டு. கடலாண்ட மனை சும்மாத்தான் கீது. கீழ நாங்க இருந்துக்குவோம். மேல அணுமின் ஆளுங்களுக்கு வாடகைக்கு வுடணும். ஆனா சொல்லிட்டேன், வூட்டோட மீன் கழுவ எடம் வோணும். வாடை மேல போவக்கூடாது. போச்சுன்னா எவன் குடிவருவான்?"

உப்பிலிக்கு இது தெரிந்தபோது வீடு இரண்டுபட்டது.

"மீன் கழுவற எடத்துக்கு நம்மாத்துலேர்ந்து பிளானா?"

"கழுவற தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு யாராவது சொல்லித்தானே ஆகணும்? நான் சொல்றேன்."

மறுநாளே புதுப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள். மீன் பக்கமே போயிராதவள், முதலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றாள். தனக்கோடியின் மனைவி சம்பூர்ணம் அருவாமனை போட்டு உட்கார்ந்தாள். அவள் எங்கே சாய்கிறாள், எந்தக் கையால் செதிலை ஒதுக்குகிறாள் என்று கவனிக்கக் கவனிக்க, மூக்கைப் பிடித்திருந்த கைக்கு டேப் பிடிக்கும் வேலை வந்துவிட்டது.

"நின்னுண்டே கழுவற மாதிரி மேடை போட்டுத் தரட்டுமா?"

சம்பூர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். "இத்தினி வருசத்துல என் இடுப்பு நோவுதான்னு இந்த வூட்ல ஒருத்தரும் கேக்கல தாயி. போடு."

காற்று கடலிலிருந்து வருவதால், பிளானில் மேடையை வீட்டுக்கு மேற்கே தள்ளினாள். வாடை எழும்பினால் வீட்டைத் தொடாமல் ஊரைப் பார்க்கப் போய்விடும். மேற்கே இருந்த மாடிப்படியைத் தெற்கே திருப்பினாள். தெற்கே தனக்கோடி கேட்டிருந்த கார் ஷெட் போயிற்று.

"காரே இல்லாம கார் ஷெட் எதுக்கு?" என்றாள்.

"கௌரதிக்கும்மா."

"கௌரவத்துக்கு மொட்டை மாடி போட்டுத் தரேன். அங்க நின்னு ஊரையே பாருங்கோ."

வேலை மளமளவென்று ஏறியது. உப்பிலியின் நச்சரிப்பும் கூடவே ஏறியது. மனுஷர் நாளுக்கு நாள் கறுத்து, இளைத்துப் போனார். ஆபீஸ் வேலையில் இப்போது அலைச்சல் ஜாஸ்தி என்றார். ராத்திரி சாப்பாட்டில் மோர் விழுவதற்குள் எப்படியும் பள்ளிக்கூடத்துப் பேச்சு வந்துவிடும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஹெட்மிஸ்ட்ரஸ் சாராளையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

"உங்க இடத்துக்கு இன்னும் யாரையும் போடலை ரங்கநாயகி" என்றாள் சாராள். "பிள்ளைங்க மாம்பழத்தை மறந்துட்டாங்க. நாளைக்கே வந்து சேர்ந்துடுங்க."

ரங்கநாயகி வாயைத் திறப்பதற்குள், தலையில் கூடையோடு தனக்கோடி உள்ளே வந்தார். பின்னாலேயே சம்பூர்ணம்.

"மேல்தளம் போட்டாச்சும்மா! நாலு பேரு முன்பணம் குடுத்துக்கினு நிக்கிறான். பக்கத்து மனைக்காரனும் ஒன்னைத்தான் கேக்குறான். நல்ல சேதி, வெறுங்கையோட வரலாமா?"

நடுக்கூடத்தில் கூடை இறங்கியது. கூடை நிறைய வஞ்சிரம். உப்பிலி இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். சாராள் மட்டும் குனிந்து கூடைக்குள் பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே அவள் வந்த காரியம் மறந்துபோனது தெரிந்தது.

"ரங்கநாயகி, இது உங்களுக்கு ஆகாதே?"

"ஆகாது. தாராளமா எடுத்துக்கோங்கோ."

"உப்பிலி சார்" என்று சாராள் எழுந்து கூடையைக் கையில் வாங்கிக்கொண்டாள். "இவ்வளவு நல்லா நடக்கிற தொழிலை விடச் சொல்றது பாவம். நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

அவள் படியிறங்கியதும் உப்பிலி மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

"ரங்கா, கெஞ்சிக் கேக்கறேன். ஆத்துல ஒரு சம்பளமாவது நெலையா வரவேண்டாமா?"

"நன்னாக் கேட்டுக்கோங்கோ." ரங்கநாயகி நிமிர்ந்து நின்றாள். தனக்கோடியும் சம்பூர்ணமும்கூட நேராக நின்றார்கள். "பதினாலு வருஷம் எனக்குப் பிடிக்காததைப் பண்ணினேன். இனிமே யார் வந்து கேட்டாலும் மாட்டேன். நெலையான சம்பளத்துக்குத்தான் நீங்க இருக்கேளே! பிடிச்சதுக்காக வேலையை விடற துணிச்சல் இந்தாத்துல எனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்!"

"அப்டிச் சொல்லு தாயி!" என்றாள் சம்பூர்ணம்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. உப்பிலியின் ஆபீஸ் பியூன் நீலமேகம், திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்து, முகமெல்லாம் பல்லாக ஒரு கும்பிடு போட்டான்.

"வணக்கம் சார்! டீச்சரம்மா பள்ளிக்கூடத்தை வுடறதுக்கும் முந்தியே, பழையபடி மிருதங்கம் வாசிக்கப் போறேன்னு நீங்க ஆபீஸை வுட்டுப் போனீங்களே, மாமல்லபுரத்துல வெள்ளைக்காரனுங்களுக்கு அதைச் சொல்லிக் குடுக்குறது எல்லாம் நல்லாப் போவுதா?"