மீசையில் எரிந்த நீல வெளிச்சம்

பெல்மதுளை,
ஞாயிறு காலை.

வரக்காப்பொலயில் கடையும் குடும்பமுமாகச் செழிப்பாயிருக்கும் மச்சான் கஜேந்திரன் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சியைக் கட்டிய கந்தையா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கச்சி, கோழிகள் எல்லோரும் சுகம். மகள் சுதர்ஷினி மட்டும் என்னோடு பேசுவதில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பிள்ளைக்குக் கெம்பஸில் கடைசி வருடம். ஆராய்ச்சிக்காக நம் ஃபெக்டரியில் கழித்துப் போடும் தேயிலைத் தூளைக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி, எஃகுப் பாத்திரத்தில் இறுக மூடி, மணிக்கணக்காகச் சூடேற்றி, வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாத காபன் என்கிற கரிப் புள்ளிகள் எடுத்திருக்கிறாள். பார்த்தால் வெறும் தேத்தண்ணி. ஊதா டோர்ச் அடித்தால் நீலமாக ஜொலிக்கும். உடம்பின் உயிரணுவுக்குள் விட்டால் உள்ளே நடப்பதை வெளிச்சம் போட்டுக் காட்டுமாம். தண்ணீரில் இரும்பு இருந்தால் அந்த வெளிச்சம் அணைந்துவிடுமாம். நம் தோட்டத்துப் பீலியில் விழும் மலையூற்றுத் தண்ணீரைச் சோதிக்க வெள்ளிக்கிழமை ஆறு போத்தல் கொண்டுவந்தாள். செவ்வாய்க்கிழமை புரொபசர்மார் முன்னால் காட்ட வேண்டும். தவறினால் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும்.

அவளுடைய டோர்ச் பழுதாகிவிட்டது. மாணிக்கக் கல் பார்க்கிற நஜீப் நானாவிடம் அதே மாதிரி டோர்ச் இருக்கிறதென்று அவரைக் கூட்டிவரப் போனாள். வீட்டில் நானும் ஆறு போத்தலும். முப்பத்தொரு வருடம் ஃபெக்டரியில் தேயிலை ருசி பார்த்த டீமேக்கர் முன்னால் ஆறு தேத்தண்ணிச் சாயத்தை நம்பர் போட்டு வரிசையாக வைத்தால் அவன் சும்மா இருப்பானா மச்சான், நீங்களே சொல்லுங்க. கரண்டியை எடுத்தேன், சர்ரென்று உறிஞ்சினேன், நாக்கில் புரட்டினேன், ஜன்னலுக்கு வெளியே துப்பினேன். முதலாவது தீய்ந்த வாடை. இரண்டாவதும் அதே. ஆறும் அதே. என் நாக்கையே நம்பாமல் மறுபடி முதலிலிருந்து பிடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் போத்தலெல்லாம் பாதி! பதறிப்போய்ப் பைப்பைத் திறந்து நிரப்பி வைத்தேன். நிறம் கொஞ்சம் கறுத்தது. அதனாலென்ன, உங்கள் தங்கச்சி போடுகிற தேத்தண்ணியும் கறுப்புத்தானே? கல்யாணமான நாளிலிருந்து, டீமேக்கர் பெண்டாட்டிக்குத் தேத்தண்ணி போடத் தெரியாதென்று உங்களிடம் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

நானா வந்து ஜன்னலைச் சாத்தி டோர்ச்சை அடித்தார். ஆறு போத்தலும் இருட்டு.

"நேத்துக்கூட எரிஞ்சிச்சே நானா!" பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள்.

"அழாதீங்க மகள், டோர்ச் பொய் சொல்லாது," என்றபடி அவர் திரும்ப, வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. என் மீசை நீலமாக எரிந்தது, மச்சான்.

"டீமேக்கர், மீசையத் தொடைங்க," என்றார் நானா. பைப் தண்ணீர் ஊற்றி நிரப்பியதையும் ஒப்புக்கொண்டேன். உங்கள் தங்கச்சி சிரித்த சிரிப்பில் கோழிகள் கூட்டை விட்டு ஓடின. பிள்ளை சிரிக்கவில்லை. "ஆறு மாச வேலைப்பா" என்றாள், அவ்வளவுதான். நேற்றுக் காலை பைப் தண்ணீர் ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். எனக்கு நெஞ்சு ஆறவில்லை. தாய்மாமன் சொன்னால் கேட்பாள். எனக்காக நாலு வார்த்தை பேசுங்கள்.

உங்கள் கடைக்கும் பிள்ளைகளுக்கும் மாரியம்மா ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நாக்கை அடக்கத் தெரியாத
கந்தையா

பின்குறிப்பு: இன்று செவ்வாய். கடிதம் இன்னும் தபாலுக்குப் போகவில்லை. மேலே எழுதியதை நம்ப வேண்டாம். இப்போதுதான் பிள்ளை போனில் பேசினாள். புதிதாகக் காய்ச்சியதில் நம் பைப் தண்ணீரை விட்டாளாம், அணைந்ததாம். கெம்பஸ் தண்ணீரை விட்டாளாம், எரிந்ததாம். "நம்ம பைப்பு முழுக்கத் துரு அப்பா, அவ்வளவு இரும்பு! நீங்க ஊத்தினதாலதான் எனக்குப் பைப்பச் சோதிக்கிற யோசனையே வந்திச்சு. புரொபசர்மாருக்கு நல்ல சந்தோசம். தோட்டத் தொரைட்ட சொல்லிப் பைப்ப மாத்துங்க. தேத்தண்ணி கறுக்கிறதும் அதாலதான், இனி அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

போன் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. உங்கள் தங்கச்சி குடத்தை எடுத்துப் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து, தேத்தண்ணி போட்டு, என் முன்னால் இரண்டு கோப்பை வைத்தாள். ஒன்று பைப் தண்ணீர், வழக்கமான கறுப்பு. மற்றது பளிச்சென்ற செம்பொன் நிறம்.

"சொல்லுங்க டீமேக்கர் ஐயா, தேத்தண்ணி போட யாருக்குத் தெரியாது?"

ருசி பார்த்துத் துப்புவதுதான் என் தொழில். இரண்டையும் கடைசிச் சொட்டு வரை விழுங்கினேன். மகளை விடுங்கள் மச்சான்; உங்கள் தங்கச்சியிடம் எனக்காகப் பேச உடனே பஸ் ஏறுங்கள்.