பத்தொன்பது நிமிஷ தூரம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் இப்போது நான் ஒருவன்தான். சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

"பக்கத்துத் தீவுல இருந்து எம்பொண்ணு பெட்டியக் கொண்டாந்து குடுக்க நாலு மாசமாப்பா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். அவள் துணிமணியையாவது அத்தை கண்ணால் பார்க்க வேண்டாமா? ஆனால் தூரம் நீங்கள் எழுதியதுபோல் எழுபது கிலோமீட்டர் இல்லை, அறுபத்திரண்டு. காற்று இல்லாவிட்டால் பத்தொன்பது நிமிடம். இங்கிருந்து வரும்போது எதிர்க்காற்று, இருபத்தொன்று ஆகும். அந்த விமானத்தைப் பழுதுபார்க்கிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

முதல் தடவை கிளம்பி ஏர்போர்ட் வரைக்கும் போயிட்டேன் மாமா, பெட்டிய வீட்லயே வச்சிட்டு. ஓடிப்போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள பிளேன் மேல போயிடுச்சு. அடுத்த தடவை பெட்டியோட போனேன், சக்கரத்துக்குக் கீழ ஒரு சொட்டு எண்ணெய் தெரிஞ்சுது, பிளேன நானே நிறுத்திட்டேன், ரெண்டு மணி நேரம் கழட்டிப் பாத்தா அது தண்ணி. மூணாவது தடவைதான் மோசம். ஒன்பது சீட்டு பிளேன் பாருங்க, ஏறுற ஒவ்வொருத்தரையும் எடை பாத்துத் தாள்ல எழுதணும். அன்னிக்கு எழுதினது நான். எனக்கு எழுபத்தொண்ணு போட்டேன், மூணு வருஷப் பழக்கம், கீழேயே ஐம்பத்திநாலும் போட்டுட்டேன். மொத்த எடை கூடிப்போச்சு, கடைசியா வந்த தையல்காரர இறங்கச் சொல்லிட்டாங்க. அவர் விடல. "குச்சி மாதிரி இருக்கேன், என்னாலயா கவுறப் போவுது? உள்ள ஒரு சீட்டு காலியா இருக்கே, அதுல யாரு, உங்க மாமியாரா?"ன்னார். பைலட் தாள வாங்கிப் பாத்து, "இந்த அம்பத்திநாலு யாருப்பா?"ன்னார். அவருக்கும் அவளத் தெரியும். தாள எங்கிட்டயே திருப்பிக் குடுத்தார். நான் ஒரு வரிய அடிச்சிட்டு, பெட்டியத் தூக்கிட்டு இறங்கிட்டேன். சாயந்தரம் தாள ஃபைல்ல வைக்கும்போதுதான் பாத்தேன். அடிச்சது என் வரிய. அந்தத் தாள்படி அன்னிக்கு உங்க ஊருக்கு வந்தது அவதான் மாமா.

அதனால் இந்தப் புதன்கிழமை பெட்டியுடன் கட்டாயம் வந்து சேருவேன். அத்தையிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். இருவருடைய காலிலும் விழுந்து கும்பிட்டதாக நினைத்து ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்

பி.கு.: புதன்கிழமை பிளேன் கிடையாது. அந்த நேரப் பலகைய எழுதி மாட்டினதே நான்தான். மாமா, அங்கேருந்து இங்க வர பதினேழு நிமிஷம்தான், காத்து பின்னாலேருந்து தள்ளும். நீங்களும் அத்தையும் வந்துடுங்க. பெட்டி பதினொண்ணரை கிலோ, தூக்கிடுவேன். தொறக்கத்தான் ஆள் வேணும்.